கராத்தேயா, களரியா? அடித்தளம் எங்கே?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. கிழக்கே திரும்பினால் சிலம்பம். மேற்கே திரும்பினால் களரிப்பயிற்று. ஆனாலும் பிள்ளைக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோர் பலர் முதலில் தேடுவது கராத்தே வகுப்பைத்தான். வெள்ளைச் சீருடை, வண்ண பெல்ட், சான்றிதழ் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. "நம்ம கம்புக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்?" என்பது பெரியவர்களின் கேள்வி. பழைய கலைகளுக்கு உள்ள அடித்தளம் புதியவற்றுக்கு உண்டா என்று பார்ப்போம்.

கடைசிப் பாடம் வெறுங்கை

களரியில் சேரும் சிறுவனிடம் யாரும் உடனே வாளைக் கொடுப்பதில்லை. வடக்கன் முறையில் முதலில் மெய்த்தாரி. காலை வீசி, குனிந்து, தாவி உடம்பைப் பழக்கும் பயிற்சி இது. ஆனை, சிங்கம், குதிரை, பாம்பு, மயில் போன்ற வடிவுகளை இதில் கற்க வேண்டும். அடுத்தது கோல்த்தாரி, கம்பும் குறுவடியும் கைக்கு வரும். பிறகு அங்கத்தாரியில் வாளும் கேடயமும். கடைசியில்தான் வெறுங்கை. கராத்தேயில் முதல் நாளே வருவது இங்கே முடிவில் வருகிறது. ஆயுதத்தின் எதிரே நின்று பழகிய காலும் கண்ணும் இருந்தால்தான் வெறுங்கை உதவும் என்பதே காரணம்.

சிலம்பத்திலும் அப்படியே. கம்பு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காலடி தவறினால் ஆட்டம் போயிற்று. உழிச்சல், சுளுக்கு வைத்தியம், மர்மம் இவற்றையும் சேர்த்துக் கற்றவரே நல்ல ஆசான். அடிக்கச் சொல்லித் தருகிறவருக்கு ஆற்றவும் தெரிந்திருந்தது.

புதியது எங்கிருந்து வந்தது?

ஜூடோவை 1882ல் ஜப்பானில் தொடங்கிய கானோ ஜிகோரோ, பழைய ஜூஜுட்ஸு மரபுகளில் பயின்றவர். ஆபத்தான பிடிகளைப் போட்டியிலிருந்து ஒதுக்கிவிட்டு, அடிபடாமல் விழுவது எப்படி என்பதை முக்கியப் பாடமாக்கினார். கறுப்பு பெல்ட்டும் அவர் ஏற்பாடே. ஒக்கினாவாத் தீவின் கராத்தேயை 1922ல் டோக்கியோவில் செய்து காட்டிய ஃபுனகோஷி கிச்சின், பின்னர் அந்த பெல்ட்டைத் தம் மாணவர்களுக்கும் தந்தார். டேக்வாண்டோ என்ற பெயர் பிறந்தது 1955ல். அதை வளர்த்தவர்களில் பலர் ஜப்பானியக் கராத்தே கற்றவர்கள். 1967ல் ஜீத் குன் டோ என்று தம் முறைக்குப் பெயரிட்ட புரூஸ் லீ, ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் பயின்றவர். புதிய கலைகள் பழைய வேரிலிருந்து கிளைத்தவையே.

நம்முடையதும் மாறாமல் இருந்ததில்லை. 1805ல் பழசி ராஜா வீழ்ந்த பின், ஆங்கிலேயர் ஆட்சியில் மலபார்க் களரிகள் மங்கின. இருபதாம் நூற்றாண்டில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் சீடர் சி.வி. நாராயணன் நாயரும் அவற்றைத் தூக்கி நிறுத்தி, பொதுமேடைக்குக் கொண்டுவந்தார்கள். போதிதர்மர்தான் சீனத்துக்குச் சண்டைக்கலை கொடுத்தார் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அதற்கு உறுதியான சரித்திரச் சான்று இல்லை. அந்தக் கதை இல்லாமலே நம் கலைகளுக்குப் பெருமை உண்டு.

புள்ளிக்காக ஆடினால்

2020 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் களரிப்பயிற்றைக் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் அந்தப் போட்டிகள் நடந்தபோது சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் புள்ளிக்கும் பதக்கத்துக்கும் மட்டுமே ஆடத் தொடங்கினால் மெய்ப்பயிற்சி சுருங்கும், வைத்தியம் மறையும். அப்போது களரி என்ற பெயர் இருக்கும், அடித்தளம் இருக்காது. கராத்தே வகுப்பைப் பற்றி நாம் சொல்லும் குறை நமக்கே பொருந்திவிடும்.

வடகரை மீனாட்சி அம்மாவைப் பாருங்கள். ஏழு வயதில் களரியில் இறங்கியவர், எழுபதைத் தாண்டியும் வாள் வீசிக் கற்றுக்கொடுத்தார்; 2017ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த உறுதியை ஆறு மாத வகுப்பு எதுவும் தராது, அது பழைய கலையானாலும் சரி, புதியதானாலும் சரி.

ஆகவே பெற்றோர்களே, கலையின் பெயரைக் கேட்டுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் பிள்ளைகளின் காலடியைத் திருத்துகிறாரா? விழச் சொல்லித் தருகிறாரா? அடிபட்டால் என்ன செய்வதென்று அறிவாரா? அடுத்த பெல்ட்டுக்கோ அடுத்த மேடைக்கோ அவசரப்படாமல் இருக்கிறாரா? ஆம் என்றால், கராத்தேயானாலும் களரியானாலும் தயங்காமல் சேர்க்கலாம்.