கொதிக்கும் எஞ்சினும் குறையும் ஒயிலும்: காரணத்தைக் கண்டறிவோம்



பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் பாதையோரத்தில், முன்மூடியைத் திறந்தபடி நிற்கும் லொறியொன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். ரேடியேட்டரிலிருந்து ஆவி பறக்கும். ஏறி வரும்போது பின்னால் நீலப் புகையும் வந்திருக்கும். "எஞ்சினை இறக்கிக் கட்டத்தான் வேண்டும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். லீசிங் பணம் கட்டும் குடும்பத்துக்கு அது பல மாத உழைப்பு. அவ்வளவு செலவழித்த பின்னும் லொறி மீண்டும் கொதித்தால் என்ன செய்வது? காரணத்தை அறியாமல் பழுதுபார்த்தால் இதுவே நடக்கும். விஞ்ஞான பாடத்தில் கற்ற அவதானம், கருதுகோள், சோதனை, முடிவு என்ற ஒழுங்கு இங்கே பணத்தைக் காப்பாற்றும்.

1. வெப்பம் எங்கே செல்கிறது?

டீசல் எரியும்போது வெளிவரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே லொறியை ஓட்டும் வேலையாகிறது. மீதியில் ஒரு பகுதி புகையுடன் போகிறது. மறுபகுதியைக் குளிரூட்டும் நீர் அகற்ற வேண்டும். 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸால் உயர்த்த 4200 யூல் தேவை. தன்வெப்பக் கொள்ளளவு இவ்வாறு உயர்ந்திருப்பதாலேயே நீர் இதற்கு ஏற்றது. உருளைச் சுவரிலிருந்து நீருக்கு வெப்பம் கடத்தப்படுகிறது. பம்ப் அந்நீரை ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கு காற்று வெப்பத்தைக் கொண்டு செல்கிறது.

2. இரண்டு குறையா, ஒரே குறையா?

இதுவே இப்பாடத்தின் முக்கிய பகுதியாகும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஒயிலின் பாகுத்தன்மை குறையும். முசலத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள ஒயில் படலம் மெலியும், சுவர் கீறப்படும், முசல வளையங்கள் விறைப்பை இழக்கும். அவ்வழியே ஒயில் மேலேறி எரியும். ஒயிலும் வெப்பத்தைக் காவுவதால், அது குறையக் குறைய எஞ்சின் இன்னும் சூடாகும். அதாவது விளைவே பின்னர் காரணமாகிறது.

அடைபட்ட ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு வளையங்களை மட்டும் மாற்றினால், புதிய வளையங்களுக்கும் அதே கதிதான்.

3. அவதானிக்க வேண்டியவை

• நீலப் புகை: ஒயில் எரிகிறது. பாரத்துடன் ஏறும்போது கூடினால் வளையங்களில் ஐயம் கொள்க. இரவு முழுதும் நின்றபின் காலையில் இயக்கும்போது மட்டும் வந்தால் வால்வு சீல்களைப் பார்க்க.
• கறுப்புப் புகை: எரிபொருளுக்குப் போதிய காற்று இல்லை. உயரமான இடத்தில் காற்று ஐதாவதால் இது கூடலாம்.
• எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெள்ளைப் புகை, குறையும் நீர்: நீர் உருளைக்குள் கசியலாம்.
• பால்போல் வெளுத்த ஒயில்: ஒயிலில் நீர் கலந்துள்ளது.

4. சோதிக்கும் ஒழுங்கு

செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்ல வேண்டும்.

(அ) எஞ்சின் ஆறிய பின் நீர் மட்டம், ஒயில் மட்டம், குழாய்க் கசிவு, பெல்ட்டின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க.
(ஆ) ரேடியேட்டரின் வெளிப்புறத்தில் சேறும் தூசியும் அடைத்துள்ளனவா எனப் பார்க்க. ஓரிடம் சூடாகவும் மற்றோரிடம் குளிராகவும் இருந்தால் உள்ளே குழல்கள் அடைபட்டிருக்கலாம்.
(இ) மானி சூட்டைக் காட்டியும் மேற்குழாய் குளிராயிருந்தால், தேர்மோஸ்டாட் திறக்காதிருக்கலாம்.
(ஈ) குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் ரேடியேட்டர் நீரில் தொடர்ந்து குமிழி வந்தால், சிலிண்டர் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம்.
(உ) இறுதியாக, கராஜில் ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளப்பிக்க. அடுத்தடுத்த இரு உருளைகளில் மட்டும் அமுக்கம் குறைந்திருந்தால் கேஸ்கட்டையே முதலில் ஐயுறுக.

இவற்றின் பின்னரே எஞ்சினை இறக்குவது பற்றி முடிவு செய்ய வேண்டும்.

5. மலையும் மூடியும்

2036 மீற்றர் உயரமான நமுனுகுல மலையுச்சியில் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் சுமார் 93 பாகையிலேயே கொதிக்கும். வளிமண்டல அமுக்கம் அங்கு குறைவு. ரேடியேட்டர் மூடி உள்ளே அமுக்கத்தைக் கூட்டிக் கொதிநிலையை 100 பாகைக்கு மேல் உயர்த்துகிறது. மூடி தளர்ந்தாலே மலையேற்றத்தில் லொறி கொதிக்கலாம். எஞ்சின் சூடாக உள்ளபோது மூடியைத் திறந்தால் அமுக்கம் திடீரெனக் குறைந்து, கொதிநீர் முகத்தில் சீறும். வீட்டிலுள்ளோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

மாதிரி வினா

20 கிலோகிராம் நீர் 30 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸுக்குச் சூடாகும்போது உறிஞ்சும் வெப்பம் எவ்வளவு?

விடை: 20 × 4200 × 50 = 4,200,000 யூல்.

கசிவினால் அந்நீரில் பாதி குறைந்தால், அதே வெப்பத்துக்கு வெப்பநிலை ஏற்றம் எவ்வளவாகும்? நீங்களே கணித்துப் பாருங்கள். வரும் விடை கொதிநிலையைத் தாண்டுகிறதா என்பதையும் கவனியுங்கள்.