நகரப் பேருந்தின் ஆயுளைத் தீர்மானிப்பது எது?

2005ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, லண்டனின் 159ஆம் இலக்க வழித்தடத்தில் வந்த ரூட்மாஸ்டர் பேருந்து ஒன்று, வீதியின் இரு மருங்கிலும் திரண்டிருந்த கூட்டத்தைக் கடந்து பிரிக்ஸ்டன் பணிமனைக்குள் நுழைந்தது. பின்புறத்தில் கதவில்லாத ஏறுமேடையும், உள்ளே பயணச்சீட்டு வழங்கும் நடத்துநரும் கொண்ட அந்தச் சிவப்பு நிற இரட்டைத் தட்டுப் பேருந்துகளின் வழக்கமான சேவை அத்துடன் முடிவுக்கு வந்தது.

கடைசியாக ஓடிய அந்தப் பேருந்து 1965ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்டது. அதாவது அதற்கு வயது 40. ரூட்மாஸ்டரை வடிவமைத்த பொறியாளர்கள் அதற்குக் குறித்திருந்த ஆயுளோ 17 ஆண்டுகள் மட்டுமே.

அன்று வெளியான செய்திகளில் பழைய நினைவுகளே அதிகம் இடம்பெற்றன. ஆனால் உலகின் பல நகரங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே பேருந்துகள் உருக்குலைந்து போகும் நிலையில், இவை எவ்வாறு குறித்த ஆயுளைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான காலம் ஓடின என்ற கேள்விக்கான விடை, அந்த நினைவுகளை விடப் பயனுள்ளது.

முதலில் மூப்படைவது எது?

பேருந்து பழசாகிவிட்டது என்றால் அதன் இயந்திரம் தேய்ந்துவிட்டது என்றே பயணிகள் பொதுவாக எண்ணுகின்றனர். உண்மையில் இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, பிரேக் போன்றவை கழற்றி மாற்றக்கூடியவை. அவை பழுதானால் வண்டி நின்றுவிடும், அல்லது ஓட்டுநர் உடனே உணர்ந்துவிடுவார். ஓசையின்றி மூப்படைவது கூண்டும், அதைத் தாங்கும் அடிச்சட்டமும்தான். மழை நீரும், வண்டியைக் கழுவும் நீரும் தரைப் பலகையின் விளிம்புகளில் புகுந்து, சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளிலும் இருக்கைகளைப் பொருத்தியுள்ள இடங்களிலும் தேங்குகின்றன. பலகை உளுத்துப் போகிறது, அதன் அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. மேலே விரிப்பு இருப்பதால் இது எவர் கண்ணிலும் படுவதில்லை.

சென்னையில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்தது இதற்கு ஓர் உதாரணம். அமைந்தகரை அருகே ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்து ஒன்றில், இருக்கையின் அருகே தரைப் பலகை திடீரென உடைந்து, பெண் பயணி ஒருவர் அந்த ஓட்டை வழியே கீழே விழுந்தார். அவர் உயிர் தப்பினார். ஆனால் அந்தப் பேருந்து அன்று காலையிலும் வழக்கம்போலவே பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை, தரையைப் பெயர்த்துப் பார்க்க ஒரு பணிமனைக்குக் காரணம் எதுவும் எழுவதில்லை. பேருந்தை ஒரு நாள் நிறுத்தினால் அந்த நாளின் வருமானமும் நடைகளும் போய்விடுகின்றன.

ஆகவே பழுது தெரிந்த பின் சரிசெய்வதல்ல, தெரிவதற்கு முன்பே வண்டியைப் பிரித்துப் பார்ப்பதுதான் பராமரிப்பின் சாரம். லண்டன் இதைக் கிட்டத்தட்ட ஒரு வெறியோடு செய்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆல்டன்ஹாம் தொழிற்கூடம்

லண்டனுக்கு வடமேற்கே ஆல்டன்ஹாம் என்னுமிடத்தில், பாதாள ரயில் பாதை ஒன்றின் நீட்டிப்புக்காக ரயில் பணிமனை ஒன்று கட்டப்பட்டு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானங்கள் தயாரிக்கப்பட்டன. போருக்குப் பின்னர் ரயில் பாதைத் திட்டம் கைவிடப்படவே, அந்தப் பெரும் கட்டடம் பேருந்துகளை முழுமையாகச் செப்பனிடும் தொழிற்கூடமாக மாற்றப்பட்டு, 1956இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது.

லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் ஒவ்வொரு பேருந்தும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கு வந்தாக வேண்டும். அங்கே கூண்டு அடிச்சட்டத்திலிருந்து பிரித்துத் தூக்கப்படும். பின்னர் ஒரு பெரிய சுழல் சட்டகத்தில் கூண்டைப் பொருத்தி, பக்கவாட்டில் அப்படியே புரட்டி, அதன் அடிப்பகுதியை நீராவியால் கழுவுவார்கள். சாலையில் ஓடும்போது எவரும் காண முடியாத அந்த அடித்தளம் ஆய்வாளரின் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். உளுத்த பலகைகளும் துருவேறிய தாங்கிகளும் மாற்றப்படும். இயந்திரங்களும் பற்சக்கரப் பெட்டிகளும் சிஸ்விக்கில் இருந்த மற்றொரு தொழிற்கூடத்தில் தனியே புதுப்பிக்கப்பட்டன. உச்சக் காலத்தில் ஆல்டன்ஹாமிலிருந்து வாரத்துக்கு சுமார் 50 பேருந்துகள் ஏறத்தாழப் புதியவையாக வெளியே வந்தன.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. பிரிக்கப்பட்ட கூண்டும் அடிச்சட்டமும் மீண்டும் ஒன்று சேர்வதில்லை. செப்பனிட்டு முடிந்த ஏதோ ஒரு கூண்டு, செப்பனிட்டு முடிந்த ஏதோ ஓர் அடிச்சட்டத்தின் மீது ஏற்றப்பட்டு, அப்போது உள்ளே வந்த ஒரு பேருந்தின் பதிவெண் அதற்குச் சூட்டப்படும். பேருந்துகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்ததாலேயே இது சாத்தியமாயிற்று. ரூட்மாஸ்டருக்கு முந்தைய ஆர்டி குடும்பத்தில் மட்டும் லண்டனில் ஏறத்தாழ 7,000 பேருந்துகள் இருந்தன. அவற்றை அடுத்து வந்த ரூட்மாஸ்டர்கள் 2,876. ரூட்மாஸ்டரில் தனியான அடிச்சட்டம் கிடையாது. அலுமினியக் கூண்டே பாரத்தைத் தாங்கியது. அதன் முன்னும் பின்னும் இரு துணைச் சட்டகங்கள் மட்டும் பொருத்தப்பட்டிருந்தன. விமானத் தயாரிப்பில் கிடைத்த அனுபவம் அதில் தெரிந்தது. வடிவமைக்கும்போதே அதை எப்படிக் கழற்றுவது, எந்தத் தொழிற்கூடத்தில் கழற்றுவது என்று யோசித்துக் கட்டப்பட்ட வண்டி அது.

புதியது தோற்று, பழையது நீடித்தது

இந்த ஏற்பாட்டின் மதிப்பு 1970களில் எதிர்மறையாக நிரூபணமாயிற்று. நடத்துநர் இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே இயக்கக்கூடிய, இயந்திரம் பின்புறம் அமைந்த டிஎம்எஸ் ரகப் பேருந்துகள் 1971 ஜனவரியில் லண்டனில் அறிமுகமாயின. ரூட்மாஸ்டர்களை அகற்றுவதே அவற்றின் நோக்கம். 2,600க்கும் அதிகமானவை வாங்கப்பட்டன. ஆனால் அவை லண்டனுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் கூண்டையும் அடிச்சட்டத்தையும் ஆல்டன்ஹாமின் முறைப்படி எளிதில் பிரிக்க முடியவில்லை. உதிரிப் பாகங்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்தப் பத்தாண்டில், பழுதான வண்டிகள் பணிமனைகளில் தேங்கின. 1979இலிருந்தே அவை கழிக்கப்படத் தொடங்கின. எந்தப் பேருந்துக்கு மாற்றாக வந்தனவோ, அந்தப் பேருந்து அவை போன பின்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இதனால் டிஎம்எஸ் மோசமான வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லண்டன் விற்ற அதே பேருந்துகளை வாங்கிய ஹாங்காங்கிலும், இங்கிலாந்தின் வேறு பகுதிகளிலும் அவை ஆண்டுக்கணக்கில் பயன்பட்டன. பராமரிக்கும் முறையும் வண்டியும் அங்கே பொருந்தின, லண்டனில் பொருந்தவில்லை.

ஆல்டன்ஹாமும் நிலைக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள பாகங்களையும் கழற்றிப் பூட்டுவது வீண் செலவு என்ற விமர்சனம் அதன் மீது இருந்தது; அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான பேருந்துகள் இருந்தால் மட்டுமே பொருளாதார ரீதியில் தாக்குப்பிடிக்கக்கூடிய ஏற்பாடு அது. 1985இலிருந்து வழித்தடங்கள் ஒப்பந்தப்புள்ளி மூலம் ஏலம் விடப்பட்டு, பல நிறுவனங்களிடையே பகிரப்பட்டன. 1986இல் ஆல்டன்ஹாம் மூடப்பட்டது. எஞ்சிய ரூட்மாஸ்டர்கள் 1990களில் புதிய இயந்திரங்கள் பொருத்தப்பட்டு மேலும் ஒரு பத்தாண்டு ஓடின.

அவற்றை இறுதியில் வெளியேற்றியது முதுமை அல்ல. சக்கர நாற்காலியில் வருபவர்களும், குழந்தைத் தள்ளுவண்டியுடன் வரும் தாய்மார்களும் அதில் ஏற இயலாது. திறந்த ஏறுமேடையிலிருந்து தவறி விழுவோரும் இருந்தனர். நடத்துநரின் ஊதியம் ஒரு கூடுதல் செலவு. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தீராத குறைகள் இவை.

இலங்கை சென்ற லண்டன் பேருந்துகள்

லண்டன் கழித்த பேருந்துகளின் கதை தமிழர்கள் பலருக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்று. 1958 ஜனவரி முதலாம் தேதி இலங்கையில் தனியார் பேருந்துகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஆர்டி குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைத் தட்டுப் பேருந்துகள் லண்டனிலிருந்து கப்பலேறின. 1980களின் இறுதியில் சுமார் 40 ரூட்மாஸ்டர்களும் அங்கு சென்றன.

வண்டிகள் போயின. அவற்றைத் தாங்கிய ஏற்பாடு முழுவதும் உடன் போகவில்லை. சபைக்கு வெரஹெரவில் பெரிய மத்திய தொழிற்கூடமும், திறமை வாய்ந்த தொழிலாளர்களும் இருந்தனர். ஆனால் 1970களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. அந்த நிலையில் எந்தப் பணிமனையும் செய்வது ஒன்றுதான்: நின்றுபோன ஒரு வண்டியிலிருந்து பாகங்களைக் கழற்றி, ஓடும் வண்டிகளில் பூட்டுவது. அன்றைய பிரச்சினை அதனால் தீரும். ஆனால் கழற்றப்பட்ட வண்டி மீண்டும் எழாது. இன்று ஒன்று, நாளை இரண்டு என்று ஓடாத வண்டிகள் பெருகும். 1978இல் சபை பிராந்திய அமைப்புகளாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தனியார் பேருந்துகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில், பழைய ஏ40, மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தை இன்றும் பலர் வியந்து பேசுகின்றனர். ஒரு காரை அப்படிக் காப்பாற்றலாம். தினமும் விடியற்காலையில் நூற்றுக்கணக்கில் புறப்பட வேண்டிய பேருந்துகளைக் காப்பதற்குக் கைத்திறனோடு சேமிப்புக் கிடங்கும், கால அட்டவணையும், தடையின்றி வரும் பணமும் வேண்டும்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் வாங்கப்படும் பெரிய நகரப் பேருந்து ஒன்று குறைந்தது 12 ஆண்டுகள் அல்லது 5 லட்சம் மைல்கள் ஓட வேண்டும் என்பது விதி. புதிய பேருந்தின் விலையில் பெரும் பங்கை மத்திய அரசு ஏற்கிறது. அன்றாடப் பராமரிப்புச் செலவோ பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் விழுகிறது. பன்னிரண்டாவது ஆண்டில் புதியது மலிவாகக் கிடைக்கும் என்றால், பத்தாவது ஆண்டில் பழையதன் தரையைப் பெயர்த்துப் புதுப்பிக்க எந்த நிர்வாகியும் ஆர்வம் காட்ட மாட்டார். குறைந்தபட்ச ஆயுளாகச் சொல்லப்பட்டது, நடைமுறையில் முழு ஆயுளாகிவிடுகிறது.

இந்தியாவில் இது வேறு வடிவம் எடுக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. தமிழகத்தில் 2018 ஜனவரியில் கட்டணம் உயர்த்தப்பட்டது, அதற்கு முன்னர் 2011இல். இடைப்பட்ட காலத்தில் டீசல் விலையும் சம்பளமும் நின்று காத்திருக்கவில்லை. ஊதியத்தை நிறுத்தினால் வேலைநிறுத்தம் வரும், டீசலை நிறுத்தினால் வண்டி நிற்கும். ஒத்திவைத்தாலும் அன்றைக்கு எதுவும் நிகழாத ஒரே செலவு பராமரிப்புதான். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரலிலிருந்து ரத்தாகும் என்று இந்திய மத்திய அரசு விதித்திருப்பது மிகப் பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றும். எட்டு ஆண்டுகளில் தரை உளுத்த வண்டியை அது கண்டுபிடிக்காது.

இன்றைய லண்டனில் பெரும்பாலான பேருந்துகள் ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களுக்கு உரியவை, அல்லது அவை குத்தகைக்கு எடுத்தவை. ஒப்பந்தம் முடிந்து வழித்தடம் கை மாறும்போது பல பேருந்துகள் பிரிட்டனின் வேறு நகரங்களுக்கு விற்கப்படுகின்றன. தலைநகரில் ஓடுபவை புதிதாகவே இருக்கின்றன. மூப்பின் செலவை வேறு ஊர்கள் ஏற்கின்றன. ஒரு காலத்தில் கொழும்பு ஏற்றதைப் போல.

சென்னையும் அத்தகைய ஓர் ஒப்பந்த முறைக்குள் நுழைந்திருக்கிறது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் இயக்கப்படத் தொடங்கின. அவற்றை வைத்துப் பராமரிப்பது ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப மாநகர் போக்குவரத்துக் கழகம் பணம் செலுத்துகிறது. மின்சாரப் பேருந்தில் டீசல் இயந்திரமும் அதன் எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. மின்கலம் மூப்படையும், மாற்ற வேண்டி வந்தால் அது பெரும் செலவு. கூண்டும் தரையும் சக்கர வளைவுகளும் எல்லாப் பேருந்துகளையும் போலவே சென்னையின் மழையில் நனையும். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகளில், வண்டியை விரைவில் கைகழுவப் போகும் நிறுவனம் அவற்றைப் பிரித்துப் பார்க்குமா என்பது, பணம் செலுத்துபவர் எத்தனை முறை, எந்த அளவுக்கு நுணுக்கமாகச் சோதிக்கிறார் என்பதைப் பொறுத்தது. கிலோமீட்டர் கணக்கு கணினியில் தானாகவே பதிவாகிவிடும். தரைக்கு அடியில் பார்க்க ஒருவர் குனிந்தாக வேண்டும்.