வணிகக் கடிதத்தில் எப்படி விளிப்பது? சந்தேகங்களும் விளக்கங்களும்

கடிதத்தைப் பிரித்தவர் கண்ணில் முதலில் படுவது விளிச்சொல். அது பொருந்தாவிட்டால், அடுத்து வரும் செய்தியின் மதிப்பும் குறைந்துவிடும். இதில் அடிக்கடி எழும் ஐயங்களைப் பார்ப்போம்.

சந்தேகம்: பெறுநர் ஆணா, பெண்ணா என்று தெரியவில்லை. ‘ஐயா’ என்றே எழுதலாமா?

விளக்கம்: கூடாது. கிளை மேலாளராக ஒரு பெண் இருக்க, அவர் பிரிக்கும் கடிதம் ‘ஐயா’ என்று தொடங்கினால், எழுதியவர் விசாரிக்கவே இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ‘ஐயா / அம்மையீர்’ என்று எழுதலாம்; இருபாலருக்கும் பொதுவான ‘அன்புடையீர்’ இன்னும் நல்லது. ‘மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்’ என்று பதவியைச் சொல்லித் தொடங்கினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

சந்தேகம்: பெண்களுக்குத் ‘திருமதி’யா, ‘செல்வி’யா?

விளக்கம்: அவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ, அப்படியே எழுதுங்கள். தெரியாவிட்டால் இரண்டுமே வேண்டாம். அவர் மணமானவரா என்பது வணிகத்துக்குத் தேவையில்லாத செய்தி. ‘கயல்விழி அவர்களுக்கு’ என்பதில் மரியாதை நிறைவாகவே இருக்கிறது.

சந்தேகம்: ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ இன்றும் எழுதலாமா?

விளக்கம்: 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்த பின் தமிழக அரசு வழக்கில் ‘திரு’, ‘திருமதி’ நிலைபெற்றன. வணிகக் கடிதத்துக்கும் அவையே பொருந்தும். ‘முனைவர்’ போன்ற பட்டம் இருந்தால் ‘திரு’ தேவையில்லை.

சந்தேகம்: ஆங்கிலக் கடிதத்தில் ‘டியர் மிஸ்டர்’ என்ற பின் எந்தப் பெயர் வர வேண்டும்?

விளக்கம்: எஸ். முருகன் என்பவரின் முதலெழுத்து அவர் தந்தை சுப்பையாவைக் குறிக்கிறது. படிவங்களில் அது ‘முருகன் சுப்பையா’ என்று விரிய, வெளியூர் நிறுவனங்கள் ‘டியர் மிஸ்டர் சுப்பையா’ என்று எழுதிவிடுகின்றன. மகனுக்கு எழுதிய கடிதம் தந்தையை அழைக்கிறது! நம்மவருக்கு நாம் எழுதும்போது ‘மிஸ்டர் முருகன்’ என்பதே சரி.

சந்தேகம்: மின்னஞ்சலுக்கும் விளி வேண்டுமா?

விளக்கம்: வேண்டும். முதல் மடலில் பெயரோடு ‘வணக்கம்’ சொல்லுங்கள். அதே நாளில் தொடரும் பதில்களில் அதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

கடிதம் அனுப்புமுன் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, பெறுநரின் பெயரையும் பதவியையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். பிழையான விளியைத் தவிர்க்க அதைவிட நல்ல வழி இல்லை.