மண்ணெண்ணெய் பழகிய மோட்டார் வண்டி

வவுனியா நகரிலிருந்து வடக்கு நோக்கிக் கண்டி வீதியிற் செல்வோர் சிறிது நேரத்தில் ஓமந்தையை அடைவர். 2002 ஆம் ஆண்டிலே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி இவ்வீதி திறந்தபோது, வன்னிப் பெருநிலத்தின் தென்வாயிலாக விளங்கியது ஓமந்தைச் சோதனைச் சாவடி. 2015 ஆம் ஆண்டில் அச்சாவடியும் அகற்றப்பட்டது. இன்று வாகனங்கள் அவ்விடத்தை வேகங் குறைக்காமலே கடந்து போகின்றன. ஆயினும், அதற்கு வடக்கே ஒரு காலத்தில் மோட்டார் வண்டிகள் எவ்வாறு ஓடின என்பதை அவ்வூர் மக்கள் மறந்திலர். வண்டி கண்ணுக்குப் புலப்படுமுன் மூக்குக்குப் புலப்பட்ட காலம் அது.

1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அடுப்புக்கும் விளக்குக்கும் என வந்த மண்ணெண்ணெயும் அளவாகவே கிடைத்தது. ஆனால் மனிதர் பயணஞ் செய்யாதிருத்தல் இயலுமா? பாம்பு தீண்டியவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். பிள்ளைப்பேற்றுக்கு நோக்காடு கண்ட பெண்ணை இரவோடிரவாக ஏற்றவேண்டும். இத்தேவையின் முன்னே நின்றவை பெரும்பாலும் 1950 களிலும் 1960 களிலும் பிரித்தானியாவிலிருந்து வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழைய வண்டிகளே. அவற்றுக்கு மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கினார்கள். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தைத் தொடக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் அதன் பணியை ஏற்றுக்கொள்ளும். தோட்டக் கிணற்றிலே நீரிறைக்கும் இயந்திரத்தைக் கையாண்ட விவசாயிக்கு இம்முறை புதிதன்று.

உலகத்துக்கும் இது புதிதன்று. இங்கிலாந்திலே 1949 ஆம் ஆண்டு முதல் விற்கப்பட்ட பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று, மண்ணெண்ணெய்க்கு உறவான மலிந்த எண்ணெயில் ஓடுமாறே ஆக்கப்பட்டது. அதுவும் பெற்றோலில் தொடங்கிப் பின்னரே அவ்வெண்ணெய்க்கு மாறும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேர்கசன் பிறப்பிலேயே அவ்வுணவுக்கு ஏற்ற வயிற்றோடு பிறந்தது. மொறிஸ் மைனரோ பெற்றோலுக்கெனப் பிறந்து, இடைவயதில் உணவு மாறியது.

இவ்விரு எரிபொருள்களுக்கும் உள்ள வேற்றுமையை அறியாதவருக்குப் பின்னால் வரும் தொல்லைகள் எவையும் விளங்கா. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை வெப்பத்துக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாமல் துளிகளாகவே உருளைகளுட் செல்கின்றது. மற்றொன்று, அழுத்தத்தைத் தாங்கும் தன்மை. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்ரன் அழுத்தும்போது, தீப்பொறியைத் தொடர்ந்து அது ஒழுங்காக எரிந்து செல்லவேண்டும்; தானாக ஆங்காங்கே வெடித்தல் ஆகாது. அவ்வாறு வெடித்தால் இரும்பிலே சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். இவ்வெடிப்பைத் தாங்கும் ஆற்றலை ஒக்ரேன் எண்ணால் அளப்பர். இன்று இலங்கையில் விற்கப்படும் பெற்றோல் பெரும்பாலும் 92 அல்லது 95 ஒக்ரேன் கொண்டது. வெறும் மண்ணெண்ணெய் அதன் பாதியையும் எட்டாது. 948 கன சென்ரிமீற்றர் மொறிஸ் மைனர் இயந்திரம், அதன் வகைக்கேற்பக் கலவையை 7.2 அல்லது 8.3 மடங்கு அழுத்துவது. பேர்கசனோ ஏறத்தாழ 5 மடங்கோடு நிறுத்திக்கொண்டது.

எனவே பெற்றோல் வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்ட முனைவோர் ஓரிடத்தை மட்டும் தொட்டு விட்டுவிட முடியாது. அழுத்தத்தைக் குறைக்கவேண்டும், அதற்கு எளிய வழி இயந்திரத் தலையின் கீழே மேலும் ஒரு காஸ்கற் வைத்தல். தீப்பொறி விழும் நேரத்தைப் பிற்படுத்தவேண்டும். எரிபொருட் குழாயைச் சூடான புகைக்குழாயின் அருகே கொண்டுசென்று எண்ணெயை முன்னரே காய்ச்சவேண்டும். தடித்த எண்ணெய் போதிய அளவு வருதற்குக் காபுரேற்றரின் துவாரத்தையோ ஊசியையோ மாற்றவேண்டும். மிதவைக் கிண்ணத்தின் மட்டத்தையும் உயர்த்தவேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலிலும் அடர்த்தி மிக்கதாதலின், மிதவை அதிலே குறைவாக அமிழ்ந்து நேரத்தோடே வாயிலை மூடிவிடும்.

இங்ஙனம் மாற்றங்கள் ஐந்து. சிக்கல் யாதெனில், இவை ஐந்தும் ஒரே நாளில் ஒரே கையாற் செய்யப்படுவதில்லை. ஒருவர் குழாயைச் சுற்றுவார், அடுத்த ஆண்டு இன்னொருவர் காஸ்கற்றைச் செருகுவார், வண்டி கைமாறும். எழுதி வைப்பார் எவருமிலர்.

உதாரணத்துக்கு ஓமந்தையிலே மாமர நிழலில் நெடுங்காலம் நின்ற ஒரு மொறிஸ் மைனரை எண்ணிக்கொள்வோம். தகப்பன் ஓட்டிய வண்டி, ஊரிலே பலரைக் காலத்தோடு வைத்தியசாலைக்குச் சேர்த்த வண்டி, விற்க மனமில்லை. மகன் அதற்கு வண்ணம் பூசி, புதிய பற்றரி பூட்டி, நல்ல பெற்றோல் ஊற்றுகின்றான். வண்டி தொடங்குகின்றது; ஆனால் ஓடவில்லை. காலையிலே கரும்புகை கக்குகின்றது. ஏற்றத்திலே மூச்சிரைக்கின்றது. நண்பகல் வெயிலில் நடுவீதியில் நின்றுவிடுகின்றது. அரைமணி நேரங் கழித்து ஒன்றும் நடவாதது போலத் தொடங்குகின்றது. இத்தகைய வேளையில் எவருடைய கையும் முதலிற் காபுரேற்றரையே நாடும். அது வெளியே தெரிவது, திருகாணி உள்ளது, திருகினால் உடனே ஓசை மாறுவது. புதிய காபுரேற்றர் வாங்கிப் பூட்டியும் நோய் மாறாத வண்டிகள் உண்டு.

அனுபவம் வாய்ந்த மெக்கானிக் வேறு வழியிற் செல்வார். "காபுரேற்றரைத் தொடாதேங்கோ ஐயா, முதல்லை தலையைப் பார்ப்பம்" என்பார். "தம்பி, புகை அங்கையிருந்துதானே வருது?" என்று உரிமையாளர் கேட்பார். புகை வருமிடமும் பிழை இருக்குமிடமும் ஒன்றல்ல என்பதை அவருக்கு விளக்குவதே பாதி வேலை.

முதலில் எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் மட்டம் குறைந்திருந்தால் எவரும் கவலைப்படுவர், கூடியிருந்தால் மகிழ்வர். மகிழத் தகாது. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து உராய்வு எண்ணெயுடன் கலந்திருப்பதே அதற்குக் காரணம். நீர்த்துப்போன அவ்வெண்ணெயில் ஓடும் இயந்திரத்தின் தாங்கிகள் விரைவில் தேய்ந்துவிடும். கோலை முகர்ந்தாலே தெரியும். பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, வடிகட்டியையும் மாற்றிய பின்னரே மேற்கொண்டு செல்லலாம்.

அடுத்து அழுத்தமானியாற் சோதனை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் அழுத்தத்தை அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். நான்கும் ஒத்த அளவாய், ஆனால் பொதுவாகக் குறைந்திருப்பின், தலையின் கீழே அந்த மேலதிகக் காஸ்கற் இன்னும் இருக்கிறதோ எனப் பார்த்தல் தகும். ஓர் உருளை மட்டும் குறைந்திருந்தால், அதிலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அளவு உயர்ந்தால் வளையம் தேய்ந்தது. உயராவிடின் வால்வு மூடவில்லை அல்லது காஸ்கற் ஒழுகுகின்றது. ஒரு கரண்டி எண்ணெய் இவ்வளவு தெளிவாகப் பேசுவது வியப்பே.

வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இங்கே மண்ணெண்ணெயோடு தொடர்பில்லாத வேறொரு கதையும் கலந்துள்ளது. கண்டி வீதி திறந்த அதே 2002 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. மனிதரின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை. ஆனால் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் வால்வு அமரும் இருக்கையைத் தேய்வினின்று காத்ததும் அவ்வீயமே. வன்னி வண்டிகள் பெற்றோலுக்குத் திரும்பியபோது, அவை அறிந்திருந்த பழைய பெற்றோல் அங்கு இல்லை. ஈயமற்ற பெற்றோலில் கடுமையாக ஓடும்போது புகைவெளியேற்றும் வால்வின் இருக்கை சிறிது சிறிதாக அரிபடும், வால்வு மேலே ஏறும், இடைவெளி சுருங்கும். மொறிஸ் மைனருக்கு அவ்விடைவெளி 0.012 அங்குலம். அது முற்றாக மறைந்தால் வால்வு மூடாது. மூடாத வால்வு எரிந்துபோகும். ஆகவே இடைவெளியை அளவுகோலாற் பார்ப்பதோடு, சரிசெய்த சில வாரங்களில் மீண்டும் சுருங்குகிறதா என்றும் கவனிக்கவேண்டும். சுருங்கினால், கடினமாக்கப்பட்ட புதிய இருக்கைகளைத் தலையிற் பொருத்துவதே தீர்வு. திருகாணி எதுவும் இதற்கு உதவாது.

இவற்றுக்குப் பிறகே தீப்பொறி. தொடுமுனைகளின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். இடைவெளியை ஒழுங்குசெய்த பின்னரே தீப்பொறியின் நேரத்தைப் பார்க்கவேண்டும். முன்னது மாறினால் பின்னதும் மாறிவிடும். மண்ணெண்ணெய்க்கெனப் பிற்படுத்திய நேரம் அப்படியே இருந்தால், கலவை உருளையுள் எரிந்து முடியாமல் புகைவழியிலும் எரிந்துகொண்டே போகும். வண்டி வலுவிழக்கும், நீர் கொதிக்கும், புகைக்குழாய் பழுக்கும். இவ்வறிகுறிகளைக் கண்டு ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவோர் பலர்.

நண்பகலில் நடுவீதியில் நின்ற நோய்க்கும் காரணம் இப்போது எளிதிற் புலப்படும். மண்ணெண்ணெயைக் காய்ச்சுவதற்கெனப் புகைக்குழாயோடு சுற்றப்பட்ட அதே செப்புக்குழாயிற் பெற்றோல் ஓடினால், குழாயினுள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவிக்குமிழி வழியை அடைக்கும், எரிபொருள் வாராது. குழாய் ஆறியதும் வழி திறக்கும். இது வெறுந்தொல்லை மட்டுமன்று, தீ விபத்துக்கும் இடமாகும். குழாயை வெப்பத்தினின்று விலக்கிப் பழைய பாதையிலேயே அமைத்தல் வேண்டும்.

இறுதியிலேதான் காபுரேற்றர். மொறிஸ் மைனரில் உள்ளது எஸ்.யூ. வகை. அதனுள் ஒரு பிஸ்ரன் காற்றின் இழுவைக்கேற்ப உயர்ந்து தாழ்கின்றது. அதனடியிற் பொருத்திய கூர்ந்த ஊசி துவாரத்தினுள் ஏறி இறங்கி எரிபொருளை அளந்து விடுகின்றது. மண்ணெண்ணெய்க்கென அராவப்பட்ட ஊசியும் அகன்ற துவாரமும் பெற்றோலுக்கு ஒருபோதும் ஒவ்வா. வண்டிக்குரிய அடையாள எழுத்துப் பொறித்த ஊசியைப் புதிதாக இடவேண்டும். உயர்த்திய மிதவை மட்டத்தைத் தாழ்த்தாவிட்டால் பெற்றோல் பொங்கி வழியும். காலைக் கரும்புகைக்கு அதுவும் ஒரு காரணம். பின்பு இயந்திரத்தைச் சூடாக்கி, மெதுவாக ஓடவிட்டு, காபுரேற்றரின் அடியிலுள்ள சிறு முளையால் உள்ளிருக்கும் பிஸ்ரனை நூலளவு உயர்த்திப் பார்க்கவேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் மிகுதி. இயந்திரம் தளர்ந்து அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒருகணம் உயர்ந்து பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஓட்டிப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொள்வது மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் விடைத்தாளில் ஐந்து வரிகளை ஒருங்கே அழித்தெழுதிய மாணவனுக்கு முன்பு எந்த வரி பிழை என்பது ஒருபோதும் தெரியவராது.

வண்டி சற்றே ஓடத் தொடங்கியதும் இளைஞருக்கு வேகத்தின் மேல் ஆசை பிறக்கின்றது. இரட்டைக் காபுரேற்றர் பூட்டினால் மொறிஸ் மைனர் பந்தய வண்டியாகிவிடும் என எண்ணுவோர் உளர். அவர்கள் 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைட் என்னும் வண்டியை நோக்குதல் நன்று. அதன் இயந்திரமும் மொறிஸ் மைனரின் அதே 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமே. அதற்கு இரட்டைக் காபுரேற்றர் பூட்டியதோடு ஆக்கியோர் நிற்கவில்லை. வால்வுச் சுருள்விற்களையும் வலுப்படுத்தினார்கள். இவ்வளவும் செய்து, 37 பரிவலுவை 43 ஆக்கினார்கள். ஆறு பரிவலுவுக்கு அவ்வளவு பாடு! பழைய தலையையும் பிற்பட்ட தீப்பொறியையும் வைத்துக்கொண்டு இரண்டாவது காபுரேற்றர் பூட்டுவோருக்கு வலு கூடாது. பெற்றோற் செலவே கூடும். பூட்டியே தீர்வதாயின், இரண்டும் ஒத்த அளவு காற்றை இழுக்கின்றனவா என ஒரு இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேட்கவேண்டும். சீற்றம் சமமாகும் வரை இரண்டையும் ஒழுங்குசெய்யவேண்டும்.

கடைசிச் சோதனை வீதியில். ஓமந்தையிலிருந்து புளியங்குளம் நோக்கிச் சில மைல் தூரம் ஒரே வேகத்தில் ஓட்டி, நெரிசலற்ற ஓரிடத்திலே இயந்திரத்தை அணைத்து, வண்டி தானாக உருண்டு ஓரமாக நிற்குமாறு விடவேண்டும். போனற்றைத் திறந்து, சூடு தணிந்தபின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். கரிபடிந்து கறுத்திருந்தால் பெற்றோல் இன்னும் மிகுதி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் குறைவு. அல்லது காற்று வேறெங்கோ ஒழுகுகின்றது. எண்ணெய் கசிந்து ஈரமாயிருந்தால் வளையத்தை மீண்டும் ஆராயவேண்டும். நான்கும் ஒருங்கே இளங்கபில நிறமாயிருந்தால், போனற்றை மூடிவிட்டு வீடு திரும்பலாம்.