முகம் ஆறும் காலம்

சென்ற ஆண்டு எனது வகுப்பிலே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் என்னைப் பல நாள் வருத்திற்று.

பதினான்கு வயது மாணவன் ஒருவன். குழந்தைப் பருவத்திலே குப்பி விளக்குச் சரிந்து தீப்பட்டதனால் அவனுடைய இடது கன்னத்திலே தழும்பொன்று தடித்து, வாயின் ஓரத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. உண்பதற்கோ பேசுவதற்கோ பெரிய இடையூறு இல்லை. ஆயினும், சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வான். தவணை விடுமுறையிலே பெற்றோர் அவனுக்குச் சத்திரசிகிச்சை செய்வித்தனர். இறுகிய தழும்பை வெட்டிக் கோணல்மாணலாகத் தைத்து, அதன் இழுவையைத் தளர்த்தும் சிகிச்சை அது.

அவன் திரும்பி வருவதற்கு முதல்நாள் நான் வகுப்புக்கு ஒரு புத்திமதி சொன்னேன். “நாளைக்கு அவன் வருகிறான். ஒருவரும் அவனுடைய முகத்தைப் பார்க்கக் கூடாது.” நல்லது செய்வதாகவே எண்ணினேன். மறுநாள் அவன் வகுப்பினுள்ளே கால் வைத்ததும் முப்பத்தெட்டுத் தலைகள் ஒரே கணத்திற் குனிந்தன. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தவனும் உண்டு. மூன்றாம் நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் தாயார் வந்தார்.

“மாஸ்ரர், முந்தியெண்டால் பெடியள் முகத்தைப் பாத்துப் பகிடியாவது பண்ணுவாங்கள். இப்ப ஒருத்தரும் நிமிந்தே பாக்கினமில்லையாம். வெட்டினது பிழைச்சுப் போச்சோ எண்டு கேட்டு அழுகிறான்” என்றார்.

அந்தத் தாய்க்கு உடனே கூறுவதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. முகத்திலே கத்தி பட்ட ஒருவர் நன்றாகத் தேறுவதற்கு எவை வேண்டும் என்பதை அதன் பின்பே படித்தறிய முற்பட்டேன். படித்தவற்றுட் சிலவற்றை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சிதைந்த முகத்தைத் திருத்தும் வித்தை மிகப் பழையது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு அமைக்கும் முறை சுசுருத சங்கிதையிலே கூறப்பட்டுள்ளது. அதைப் பற்றிப் பேசுவோர் வெட்டும் திறமையை வியந்து அவ்வளவில் நின்றுவிடுவர். எனக்கு வியப்பளித்தது அதற்குப் பின்வரும் பகுதியே. மூச்சு விடுவதற்காக இரு குழாய்களை மூக்கினுள் வைத்தல், அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவுதல், வெண்பஞ்சால் மூடி அதன்மீது நல்லெண்ணெயை அடிக்கடி தெளித்தல் என வெட்டியபின் செய்ய வேண்டியவற்றையும் அந்நூல் பொறுமையாகச் சொல்லிச் செல்கிறது. 1794ஆம் ஆண்டிலே லண்டனில் வெளியான ‘ஜென்ரில்மன்ஸ் மகசீன்’ என்னும் சஞ்சிகை, மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புதுமூக்கு அமைத்த இந்திய வைத்தியம் ஒன்றை மேனாட்டாருக்கு அறிவித்தது. புனாவுக்கு அருகே நடந்த சிகிச்சை அது. அங்கும் அதே பொறுமைதான். ஐந்தாறு நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மெல்லிய துணித் துண்டுகளை மூக்குத் துவாரங்களில் வைக்க வேண்டும். நெற்றியோடு இணைந்திருக்கும் தோற்காம்பை ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாளிலேயே அறுத்துவிட வேண்டும். கத்திக்குரிய நேரம் சிறிது. ஆறுதலுக்குரிய காலமோ பெரிது.

முதலாம் உலகப் போரிலே இவ்வித்தையைப் புதுக்கியவர் நியூசிலாந்திற் பிறந்த ஹரோல்ட் கில்லிஸ் என்னும் சத்திர வைத்தியர். லண்டனுக்கு அணித்தான சிட்கப் என்னுமிடத்தில் 1917இல் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் அவரும் அவருடைய குழுவினரும் 5,000க்கு மேற்பட்ட போர்வீரர்களுக்கு 11,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்தனர். நெஞ்சிலே தோலை நாக்குப் போல வெட்டி, ஓரங்களைச் சேர்த்துக் குழாயாகத் தைத்து, ஓர் அந்தம் பழைய இடத்திலேயே இருக்க மற்ற அந்தத்தை முகத்திலே பொருத்துவார். புதிய இடத்தில் குருதிக் குழாய்கள் வளர்ந்து பிடிக்கும்வரை, பழைய இடத்தின் குருதியே அத்தோலை உயிரோடு வைத்திருக்கும். வாரக்கணக்கில் அந்தக் குழாயோடு நோயாளி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்தால் தோல் கறுத்து இறந்துபோம். ஆகவே, நாளைக்குத் தள்ளிவைக்கக்கூடியதை இன்று செய்யாதே என்பது கில்லிசின் கொள்கையாயிற்று. (மாணவ வாசகர்கள் இதனை வீட்டுப் பாடத்துக்குப் பிரமாணமாகக் கொள்ளற்க.)

ஆனால், சிட்கப்பிலே ஒரு துயரமும் இருந்தது. வார்டுகளில் முகக்கண்ணாடிகள் விலக்கப்பட்டிருந்தன. வைத்தியசாலையிலிருந்து ஊருக்குச் செல்லும் பாதையிலே சில வாங்குகளுக்கு நீல வர்ணம் பூசியிருந்தனர். அவ்வாங்கில் அமர்ந்திருப்பவரின் முகம் கண்டோரைத் திடுக்கிடச் செய்யக்கூடும் என்று ஊரவர்க்கு முன்கூட்டியே அறிவிப்பதற்காம். கருணையினாற் செய்த ஏற்பாடே. எனினும், நீல வாங்கிலே சென்று அமர்பவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! என் வகுப்பில் நான் பூசியதும் அந்த நீல வர்ணந்தான் என்று அதைப் படித்தபோது உணர்ந்தேன்.

இரண்டாம் உலகப் போரிலே வேறொரு காட்சி. கில்லிசின் உறவினரும் நியூசிலாந்தவருமான ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்பவர், 1939ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் என்னும் சிறு பட்டணத்து வைத்தியசாலையிற் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே வான்போர் மூண்டது. எரியும் விமானங்களிலிருந்து தப்பிய இளைஞர்கள், முகமும் கைகளும் வெந்த நிலையில், மூன்றாம் வார்டு என்னும் மரக் கொட்டகைக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள்.

அக்காலத்திலே தீப்புண்ணுக்குத் தானிக் அமிலம் பூசுவது வழக்கம். அது புண்ணின்மேல் ஓடுபோல இறுகி, கண்ணிமைகளையும் விரல்களையும் சுருட்டி முடக்கிவிடும். தரையில் விழுந்தவர்களைவிடக் கடலில் விழுந்த விமானிகளின் புண்கள் நன்றாக ஆறியிருப்பதை மக்கிண்டோ கவனித்தார். தானிக் அமிலத்தை விலக்கி, இளஞ்சூடான உப்புநீர்த் தொட்டியிலே நோயாளிகளை அமிழ்த்திப் புண்ணைக் கழுவலானார்.

இதைவிடப் பெரிய மாற்றத்தை அவர் வார்டிலும் ஊரிலும் செய்தார். நோயாளிகளுக்கென விதிக்கப்பட்ட நீல உடையை ஒழித்து, அவரவர் விமானப்படைச் சீருடையை அணியச் செய்தார். வார்டிலே பியர்ப் பீப்பா ஒன்று எப்போதும் இருந்தது. (இதனை நம்மவர் வைத்தியசாலைக்குச் சிபாரிசு செய்வேனல்லேன்.) சிலர் வைத்தியசாலையைச் சார்ந்த சிறு தொழிற்கூடத்தில் விமானக் கருவிகளைப் பொருத்தும் வேலை செய்தனர். பின்பு ஊரவர்களிடம் போய், இவ்விளைஞர்கள் உங்கள் தெருவுக்கு வருவார்கள், அவர்களைக் கண்டு முகந்திருப்ப வேண்டாம், சாதாரண மனிதரோடு பேசுவதுபோலப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊரவர் கேட்டனர். வீடுகளுக்கு விருந்துக்கழைத்தனர், படமாளிகையிலே பக்கத்தில் அமர்ந்தனர். வெறித்துப் பாராத ஊர் என்று அப்பட்டணத்துக்கு ஒரு பெயரே உண்டாயிற்று.

1941இல் அந்நோயாளிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, ‘கினிப் பன்றிகள் கழகம்’ என்று பெயரிட்டனர். சோதனைப் பிராணிகள் நாம் என்னும் கேலிதான். பொருளாளராகக் கால் வெந்தவரைத் தெரிந்தனர். பணத்தோடு ஓடிவிட முடியாதல்லவா! செயலாளருக்கோ கைகள் வெந்திருந்தன; கூட்டக் குறிப்பை நீட்டி எழுதித் தொல்லை தரமாட்டார். போர் முடிந்தபோது உறுப்பினர் தொகை 649.

இனி, நம் காலத்துக்கு வருவோம். விபத்தின் காயத்தைத் திருத்துவது வேறு, அழகை நாடிச் செய்வது வேறு என்று வாதிப்பவர் உண்டு. கில்லிசும் மக்கிண்டோவும் சமாதான காலத்திலே இரண்டையும் செய்தவர்களே. வெட்டப்பட்ட தோலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. எக்காரணத்தால் வெட்டினாலும் அது ஒரே முறையாகத்தான் ஆறுகிறது.

எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைப் பலர் அறியார். தையல் பிரித்தவுடன் காயம் ஆறிவிட்டதென்று எண்ணுகிறோம். முகத்துத் தையலைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவர். அப்போது அத்தோலின் வலிமை, வெட்டுப்படாத தோலின் வலிமையிலே பத்தில் ஒரு பங்கையும் தாண்டியிராது. மூன்று மாதத்தின் பின்னரே நூற்றுக்கு எண்பது அளவை எட்டும். முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. வீக்கமோ இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்ல வடியும். ஆகையால் முதல் நாட்களிலே தலையை உயர்த்திப் படுக்குமாறு கூறுவர். மூக்குச் சிகிச்சை செய்தவர்க்கு மூக்கின் இறுதி வடிவம் தெரிய ஏறக்குறைய ஓராண்டாகும். தழும்பு முதல் மாதங்களிலே சிவந்து தடித்துப் பயமுறுத்தும். அது வெளிறிப் படிய ஓராண்டுக்கு மேலும் செல்லலாம். நம்மைப் போன்ற கருநிறத்தோருக்கு வெயில் பட்டால் புதுத் தழும்பு மேலும் கறுக்கும். காயத்தின் எல்லையையும் கடந்து தழும்பு வளரும் இயல்பும் நம்மவரிடையே அதிகம். அப்படி வளரக் கண்டால் மறைத்து வைத்திராமல் வைத்தியரிடம் காட்டினால் அதைத் தணிக்க வழியுண்டு.

வீடுகளிலே நடக்கும் இரு பிழைகளைச் சொல்லாமல் விடமுடியவில்லை. ஒன்று, பத்தியம். சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தவருக்குக் கிரந்தி என்று கூறி மீன், முட்டை, கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திச் சோறும் இரசமும் கொடுத்துக் காயவிடுகிறோம். புதுத் தோல் எதனைக் கொண்டு உண்டாகும்? புரதமும் பழங்களிலுள்ள உயிர்ச்சத்தும் வேண்டாமா? சைவ உணவினர் பருப்பும் பாலும் தயிரும் கடலையும் தாராளமாக உண்ணலாம். வைத்தியர் விலக்கியதை மட்டும் விலக்கினாற் போதும். மற்றது, புகை. சுருட்டு, சிகரெட் இரண்டிலுமுள்ள நிக்கொற்றின் சிறு குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்யும். கில்லிசின் தோற்குழாயை உயிரோடு வைத்திருந்தது குருதிதான் என்பதை நினைவுகூர்க. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்குப் புகையை அறவே விடுமாறு வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கொற்றின் உண்டு. அப்பு சுருட்டைப் பற்றவைக்கும் விறாந்தையிலே நோயாளியைக் கிடத்துவதும் தவறு.

கடும் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் நோவு, ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குதல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சு முட்டுதல் ஆகியவை கண்டால் எண்ணெய் பூசிப் பார்ப்போம், விடியட்டும் என்று இருத்தல் ஆகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உடலைப்பற்றிக் கூறிய வைத்தியர்கள் மனத்தைப்பற்றியும் கூறுகின்றனர். முதல் வாரங்களிலே காரணமின்றி அழுகை வருதல், ஏன் இதைச் செய்தோம் என்று ஏங்குதல் பலருக்கு உண்டு. கண்ணாடியிலே தெரிவது பழைய முகமுமன்று, எதிர்பார்த்த முகமுமன்று. வீங்கிக் கன்றிய இடைக்கால முகம். பெரும்பாலும் வீக்கம் வடிய ஏக்கமும் வடியும். வடியாவிட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்நாட்களிலே வீட்டுக்கு வந்து, “இதுக்கே இவ்வளவு காசு?” என்று கேட்கும் உறவினரை வாசலோடு அனுப்பிவிடுதல் நலம். தேவையற்ற ஆசைக்காகக் கத்தியை நாடுவதை விரும்புகிறவனல்லேன் நான். ஆயினும், அவ்வாதத்தைச் சிகிச்சைக்கு முன்பு நடத்த வேண்டும். கட்டுப் போட்ட முகத்தின் முன்னே நடத்துவது கொடுமை.

2014ஆம் ஆண்டு ஈஸ்ற் கிறின்ஸ்ரெட்டிலே மக்கிண்டோவுக்கு வெண்கலச் சிலை எடுத்தனர். முகமும் கைகளும் வெந்த விமானி ஒருவன் அமர்ந்திருக்க, பின்னே நின்று அவனுடைய தோளிலே கைவைத்திருக்கிறார் வைத்தியர். அதைச் செதுக்கிய மார்ட்டின் ஜென்னிங்ஸ் என்பவரின் தந்தையும் மக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவரே. சிலையைச் சுற்றி ஊரவர் அமர்வதற்குக் கல்லாலான இருக்கை அமைத்திருக்கின்றனர். அதற்கு எவரும் நீல வர்ணம் பூசவில்லை.

என் மாணவனுக்கு வருகிறேன். தாயார் வந்துபோன மாலையே அவனுடைய வீட்டுக்குச் சென்றேன். வகுப்பாரைக் குனியச் செய்தவன் நானே என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். ஆசிரியர் ஒருவர் மாணவனிடம் அப்படிச் சொல்வது எளிதன்று. அவன் என்னை ஐயத்தோடேயே பார்த்தான். திங்கட்கிழமை வகுப்பிலே எந்தப் புத்திமதியும் கூறாமல், முதலில் அவனையே கேள்வி கேட்டேன். தவறான விடை சொன்னான், வழக்கம்போலக் கடிந்தேன். வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தது. இடைவேளையிலே பக்கத்து வாங்குப் பையன் அவனுடைய கன்னத்தை நேரே பார்த்து, “எத்தினை தையலடா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

“பதினெட்டு.”

“நொந்ததோ?”

“வெட்டேக்க தெரியேல்லை. பிறகுதான்.”

மூவர் நால்வர் சூழ்ந்து நின்று எண்ணிப் பார்த்தனர். பதினேழுதான் இருக்கிறது என்று ஒருவன் வாதிட்டான். அவன் வாயை மறைக்காமற் சிரித்தான். அந்த ஓரம் இன்னும் சற்று வீங்கியே இருந்தது. இப்போது மைதானத்துக்குத் தொப்பியோடு வருகிறான். வெயிலுக்குக் காட்டாதே என்று வைத்தியர் கூறிய ஓராண்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.