அலாய் வீலுக்குக் கோட்டம் எடுக்கும்போது

மழைத் தண்ணீர் தேங்கி மறைந்த ஒரு பள்ளம் போதும், அலாய் வீலின் விளிம்பு மடங்கிவிடும். புதிய கார்களில் டயரின் பக்கச்சுவர் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் ரப்பர் வாங்க வேண்டிய அடியை ரிம் வாங்குகிறது. வேகம் கூடும்போது ஸ்டியரிங் உதறும். அடித்த காற்று ஒரு வாரம்கூட நிற்காது. புது வீலின் விலையைக் கேட்டவர்கள் பழுதுபார்க்கும் பட்டறையைத் தேடிப் போவது இயல்புதான். பல பழுதுகளைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை உலோகம்தான் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான அலாய் வீல்கள் ஏ356 என்ற அலுமினியக் கலவையில் வார்க்கப்படுகின்றன. அதில் சிலிக்கான் ஏறக்குறைய 7 சதவீதம். மெக்னீசியம் அரை சதவீதத்துக்கும் குறைவு. வார்த்த கையோடு அதற்குப் போதிய வலு இருக்காது. 540 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்து, சட்டென்று நீரில் அமிழ்த்தி, மறுபடி 150 முதல் 170 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். அப்போது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாக உலோகம் முழுக்க உருவாகின்றன. அணு அடுக்குகள் வழுக்கிவிடாமல் பிடித்து நிறுத்துபவை அவைதான். இந்தப் பதத்துக்கு டி6 என்று பெயர்.

பட்டறையில் வீலைத் தண்டில் மாட்டி, டயல் கேஜின் முனையை விளிம்பில் வைத்து மெல்லச் சுற்றுகிறார்கள். முள் எங்கே துள்ளுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு குறி. பிறகு ஹைட்ராலிக் ஜாக்கால் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறார்கள். சூடில்லாமல் அழுத்தினால் வார்ப்பு அலுமினியம் கீறல் விட்டுவிடக்கூடும் என்பதால் இலேசாகச் சூடு காட்டுவதுண்டு. எனக்குக் கவலை தருவது இந்தச் சூடுதான். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படி நிறம் மாறாது. உருகும் கட்டம் வரை வெள்ளையாகவே இருக்கும். 200 டிகிரியைத் தாண்டி நேரம் நீண்டால் நுண்துகள்கள் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்து, டி6 பதம் கலைந்துவிடும். வீல் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். அடுத்த பள்ளத்தில் முன்பைவிட எளிதாக வளையும். பளபளப்பான பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானியும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் கிரேயானால் கோடு போட்டுப் பார்க்கும் பட்டறையை நம்பலாம்.

கோட்டம் நிமிர்ந்த பிறகு கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைப் பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், உள்ளே போன சாயம் மேலேறி வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடாக எழும். உள்விளிம்பில் உள்ள சிறு கீறலை ஆர்கன் வெல்டிங்கில் அடைப்பவர்கள் உண்டு. ஆனால் வெல்டைச் சுற்றியுள்ள பகுதி டி6 பதத்தை இழந்துவிடும். ஆரக்காலிலோ நட்டுத் துளைகளின் அருகிலோ கீறல் இருந்தால் வெல்டு வைக்கவே கூடாது. அந்த வீலைக் கழித்துவிடுவதுதான் சரி. பல கார் நிறுவனங்கள் வீலைச் சூடாக்குவதையும் வெல்டு வைப்பதையும் அடியோடு ஏற்பதில்லை.

நடைபாதைக் கல்லில் உரசிய சிராய்ப்புக்கு இத்தனை கவலை வேண்டாம். பழைய பூச்சை நீக்கி, தேய்த்துச் சமன்செய்து, மின்னேற்றிய பவுடரைத் தூவி அடுப்பில் வைக்கிறார்கள். அடுப்பும் 180, 200 டிகிரி வரை போவதால் அங்கும் நேரக் கணக்கு முக்கியம். முகப்பு மட்டும் மின்னும் டைமண்ட் கட் வீலைக் கணினி லேத்தில் ஏற்றி, மேல்தோலைச் சீவி எடுப்பார்கள். ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைவதால் ஒரு வீலுக்கு இதைச் சில முறைதான் செய்யலாம்.

வண்டியில் மாட்டும் முன் நட்டு உட்காரும் குழிகளையும், ஹப்போடு ஒட்டும் பின்முகத்தையும் பாருங்கள். அங்கே புதுப் பூச்சு தடிமனாக இருந்தால் நசுங்கி, நட்டின் பிடி தளர்ந்துவிடும். அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். வீல் பேலன்சிங் முடிந்ததும் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.