கைமாறும் தோட்டம், கைமாறாத ஏடு
(தோட்டத்துக் காகிதங்கள் – 6)

கொழும்பிலிருந்து ஹட்டன் போகும் வீதியில் அவிசாவளையைத் தாண்டியதும் வருகிற ஊர் தெஹியோவிட்ட. கேகாலை மாவட்டத்தின் இறப்பர் மலைகள் சூழ்ந்த இடம். மழை பிடித்தால் லேசில் விடாது. பால்வெட்டுக்கு மழை கெடுதி. தோட்டத்து ஆபீசின் பழைய அலமாரிக்கு அதைவிடக் கெடுதி. ஈரம் ஏறிய ஏட்டில் முதலில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மை பரவும், கடைசியில் மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

அந்த அலமாரியில் முக்கியமானது செக்ரோல். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். வேலைக்குப் போனால் ‘பேர்’ விழும், பாதி வேலை என்றால் அரைப்பேர். மாத முடிவில் பேரைக் கூட்டி, சேமலாப நிதியும் முற்பணமும் சங்கச் சந்தாவும் கழித்துச் சம்பளம் போடுவார்கள். சம்பளம் கொடுத்ததோடு நிர்வாகத்துக்கு அந்த ஏட்டின் வேலை முடிந்தது. தொழிலாளிக்கோ அதன் தேவை முப்பது வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது.

1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில். முப்பது வருடத்துக்கு 420 நாள். நடுவில் ஆறு வருடத்து ஏடு இல்லை, வேறு சான்றும் இல்லை என்றால் 84 நாள் சம்பளம் கைநழுவும். அலுவலகங்களில் ‘தகவல் இடர்’ என்று பேசும்போது நிறுவனத்துக்கு வரும் வழக்கு, அபராதம், கெட்ட பெயர் இவற்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தோட்டத்தில் ஏட்டை வைத்திருப்பவர் ஒருவர், அது தொலைந்தால் இழப்பவர் இன்னொருவர். இழப்பு தன் தலையில் விழாதபோது அலமாரிக்கு யார் செலவு செய்வார்?

பிறர் கையிலிருக்கும் ஏட்டை நம்பி நிற்பது மலையகத் தமிழரான நம்மவர்களுக்குப் புதிதுமல்ல. 1948-இல் குடியுரிமை பறிபோன பிறகு, 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றதெல்லாம் காகிதம் இல்லாததால் போனது என்று சொல்லமாட்டேன்; கொடுக்க மனமில்லாத அரசு எந்தக் காகிதத்திலும் குறை காணும். ஆனால் லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர் இங்கேதான் இருந்தார் என்று சொல்லக்கூடிய எழுத்து பெரும்பாலும் துரையின் ஆபீசில்தான் இருந்தது. அதைக் கேட்டு வாங்கவும் தொழிலாளி துரையின் தயவில் நிற்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு தோட்டங்களே கைமாறின. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம். கம்பனித் தோட்டங்கள் அரசிடம் வந்து, பிறகு ஜனவசம என்ற தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் சேர்ந்தன. 1992-இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை. ஒவ்வொரு முறையும் மரத்தை எண்ணுவார்கள், தொழிற்சாலை இயந்திரத்தை எண்ணுவார்கள், பங்களா நாற்காலியைக்கூட எண்ணுவார்கள். எந்த வருடத்து செக்ரோல் எத்தனை, எந்த அறையில், யார் பொறுப்பில் என்ற பட்டியலும் அந்தக் கையளிப்பில் கையெழுத்தாக வேண்டும். ஒரு தாளில் முடிகிற வேலைதான்.

“இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே” என்பார்கள். 2023-இல் இலங்கை அரசின் மேகக் கணினி மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்குக் காப்பு நகல் இல்லை. கறையானுக்கு ஓர் அலமாரியைத் தின்று முடிக்கவே சில வருடம் வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் என்றைக்கும் கட்டிவைப்பதும் சரியல்ல. தோட்டத்து மருந்தகப் பதிவில் ஒரு பெண்ணின் பிரசவ விவரம் இருக்கும், கடன் பதிவில் ஒரு குடும்பத்தின் கஷ்டம் இருக்கும். தேவை முடிந்த பிறகும் திறந்த அலமாரியில் அவை கிடப்பது அவர்களுக்குத்தான் ஆபத்து. எதை எத்தனை காலம் வைப்பது, எதை யார் முன்னிலையில் அழிப்பது என்று எழுதிவைத்த அட்டவணை வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016) பகிரங்க அதிகாரசபைகளின் புதிய பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் காக்கச் சொல்கிறது. பதினெட்டு வயதில் பேர் பதிந்து ஐம்பதில் விலகும் பால்வெட்டுக்காரிக்கு 12 வருடம் எந்த மூலைக்குப் போதும்? சேவைப் பதிவின் ஆயுள், ஆள் விலகி, சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும் வரையாவது இருக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கலையும் முன்கூட்டியே தீர்க்கலாம். கிளாக்கர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதுவார், பிறப்புப் பதிவில் சிங்களத்தில் வேறு மாதிரி இருக்கும், அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பிறகு சத்தியக்கடதாசி, கிராம சேவகர், தொழில் அலுவலகம் என்று பஸ் செலவு. ஆள் வேலையில் இருக்கும்போதே, கிளாக்கரும் உயிரோடு இருக்கும்போதே, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரைமணி நேர வேலை.

இதெல்லாம் நடக்கும்வரை தொழிலாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதாமாதம் வருகிற சம்பளத் துண்டைக் கசக்கி எறியாமல், வருடவாரியாகக் கட்டி, பொலித்தீன் பையில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத பக்கத்தில் வைப்பது.

(தொடரும்)